எதிர்ப்பு என்று சொல்லாதே என்றாய்

இன்று காலை, ஜொகூரில் நம் ஊரான பத்து பகாட் டவுனில் மகளுக்குப் பள்ளிச் சீருடைத் துணி எடுக்கப் போயிருந்தேன். கடைக்காரர் கட்டைப் பிரித்து, நீலத் துணியை மேசைமேல் உதறி விரித்தார். புதுச் சாயத்தின் வாசனை குப்பென்று எழுந்தது. அளவு சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். வெயிலில் நடந்து வந்த களைப்பு என்று அவரிடம் பொய் சொன்னேன்.

நீ போய் இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. உன்னை நினைத்தால் உன் சிரிப்புதான் முதலில் வர வேண்டும் என்று எனக்கு ஆசை. கம்பெனிக் கேன்டீனே திரும்பிப் பார்க்கும்படி சிரிப்பாயே, அந்தச் சிரிப்பு. ஆனால் சாய வாசனை பட்டுவிட்டால் பயம்தான் முந்திக்கொள்கிறது. லாரியில் சரக்கு ஏற்றும் கதவருகே, துணி மூட்டைகளுக்கு நடுவில் நாம் நின்ற அந்த மத்தியானம். பிறகு நாம் அதைப் பற்றி அதிகம் பேசிக்கொள்ளவே இல்லை. இனிப் பேச நீ இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

துணிக்குச் சாயம் போடும் கம்பெனியில், துணி பரிசோதிக்கும் மேசையில் நாம் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள். விளக்கு வெளிச்சத்தின் மேல் துணி நகர்ந்து போகும்; நூல் அறுந்த இடம், சாயம் திட்டாய்ப் படிந்த இடம் கண்ணில் பட்டால் ஸ்டிக்கர் ஒட்டுவோம். நான் இந்த ஊர்க்காரி, வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறவள். நீ காஹாங்கில் செம்பனைத் தோட்டத்துக் குடும்பத்தில் பிறந்தவள், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாடுகிறவள். சிங்கப்பூரில் சில வருடம் வேலை பார்த்திருந்ததால் உனக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. கம்பெனிக்கு வெளிநாட்டுக்காரர் யார் வந்தாலும் மேனேஜர் உன்னைத்தான் கூப்பிடுவார்.

தானியேல் வந்தபோதும் அப்படித்தான் கூப்பிட்டார். புதிதாக வாங்கிய சாய இயந்திரத்தைப் பொருத்திக் கொடுக்க ஐரோப்பாவிலிருந்து வந்த மனிதர். ஐம்பது வயதைத் தாண்டியவர், ஒல்லி, பேச்சு குறைவு. வயிற்றுப் புண் இருந்ததால் கேன்டீன் சாப்பாட்டைத் தொடமாட்டார். வாழைப்பழமும் ரொட்டியும் கொண்டுவந்து இயந்திரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுவார். தன் நாயின் படத்தை நம் இருவருக்கும் காட்டினார். நாயை விட்டுவிட்டு வந்தது கஷ்டமாக இருக்கிறது என்றார். அவரைப் பற்றி நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்த நாட்களில் கேன்டீன் தொலைக்காட்சியில் எப்போதும், யூத நாட்டு அரசாங்கம் அரபு ஊர்கள்மேல் குண்டு போட்ட அந்தப் போர்தான். இடிபாடுகளிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நீ சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு அழுவாய். நிவாரண உண்டியல் வந்த அன்று பர்ஸில் இருந்ததை அப்படியே கவிழ்த்துப் போட்டாய். குண்டு போட்டவர்கள் மேல் உனக்குக் கோபம் இருந்தது. எங்கள் எல்லோருக்கும்தான். இதைச் சொல்லாமல் விட்டால், நீ பிற்பாடு சொன்னதை யாராவது தப்பாக எடுத்துக்கொள்வார்கள்.

அதே சமயத்தில்தான் சாயப் பிரிவில் சிலருக்குக் கையில் அரிப்பு வந்தது. தோல் சிவந்து தடித்தது, சிலருக்கு வீங்கியது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. புதிதாக வந்திருந்தது இயந்திரமும் தானியேலும்தான்.

ஒரு நாள் காலை எல்லோருடைய கைப்பேசியிலும் ஒரு படம் வந்தது. தானியேல் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருக்கிறார். தலையைச் சுற்றிச் சிவப்பு வட்டம். நம் கம்பெனியில் யஹூடி, அதாவது யூதன் ஒருவன் நுழைந்திருக்கிறான், சாயத்தில் விஷம் கலக்கிறான், அதனால்தான் தொழிலாளர்களின் கை வெந்துபோகிறது, நம்மோடு உட்கார்ந்து சாப்பிடாமல் இருப்பதும் அதனால்தான் என்று மலாயில் எழுதியிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அதுவே தமிழில் வந்தது. உலகத்துப் பணமெல்லாம் இவர்கள் கையில் என்ற ஒரு வரியைத் தமிழில் கூடுதலாகச் சேர்த்திருந்தார்கள். யார் எழுதியதோ தெரியாது. ஒரு எழுத்துப் பிழை இல்லை. யாரோ நிதானமாக உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அன்று கேன்டீனில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரும் குரலைத் தாழ்த்தி ஒரே விஷயத்தைப் பேசினார்கள். தானியேலோடு பேசுகிறவள் என்பதால் உன் மேசைக்கு யாரும் வரவில்லை. நான் வந்தேன், ஆனால் வேகமாகச் சாப்பிட்டேன்.

இரண்டு மூன்று நாளில் படம் கம்பெனிக்கு வெளியே போய்விட்டது. ஒரு மத்தியானம் சாப்பாட்டு நேரம் முடிந்து நாம் மேசைக்குத் திரும்பியபோது முன்வாசலில் மோட்டார் சைக்கிள்கள் வந்து நிற்கும் சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார்கள். கத்தவில்லை. சும்மா நின்றார்கள், இன்னும் ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தார்கள்.

மேனேஜர் உன்னிடம் வந்தார். முகம் வெளுத்திருந்தது. போலீசுக்குச் சொல்லியாயிற்று, ஆனால் அவர்கள் வந்து சேர்வதற்குள் கூட்டம் உள்ளே நுழைந்துவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். உன்னிடம் கார் இருக்கிறது, பின்வாசல் வழியாகத் தானியேலை ஜொகூர் பாருவுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டால் அவர் பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போய்விடுவார் என்றார். நீ சரி என்றாய். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

"நீயும் வா. தனியா ஓட்ட முடியாது என்னால."

எனக்கு இரண்டு பிள்ளைகள் என்று உனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் என் கால் உன் பின்னால் நடந்துவிட்டது. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சரக்கு ஏற்றும் இடத்தில் புதுத் துணி மூட்டைகள் அடுக்கிக் கிடந்தன. சூடு ஆறாத சாய வாசனை மூச்சை அடைத்தது. தானியேல் மூட்டைகளின் ஓரத்தில் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். நீ காரைக் கொண்டுவந்தாய். அவரைப் பின்னிருக்கைக்குக் கீழே படுக்கச் சொல்லி, மேலே கழிவுத் துணிகளைப் போட்டோம். அவர் இதெல்லாம் பழக்கமானவர் போலப் படுத்துக்கொண்டார். பின்வாசலில் ஜாகா, அதாவது காவல் வேலை பார்த்த மலாய்க்காரப் பெரியவர், நாம் பாக்சிக் என்று கூப்பிடுபவர், வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார். நீ கண்ணாடியை இறக்கி நன்றி சொன்னாய். அந்தப் போரைப் பார்த்து என் மனசும் கொதிக்கிறது, ஆனால் இந்த ஆள் நம்மிடம் வந்த விருந்தாளி, சீக்கிரம் போங்கள் என்று அவர் மலாயில் சொன்னார்.

பின்சாலை செம்மண் சாலை. அது தார்ச்சாலையில் சேரும் இடத்தில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் குறுக்கே நின்றன. ஒருவனை அடையாளம் தெரிந்தது. குணா. சாயப் பிரிவில் வேலை செய்த மாலாவின் கணவன். கையில் ஒன்றும் இல்லை. அவனுக்குப் பின்னால் இருந்தவனிடம் இரும்புக் குழாய் இருந்தது.

குணா உன் பக்கக் கண்ணாடியைத் தட்டினான். நீ இறக்கினாய்.

"அக்கா, பின்னால என்ன?"

"துணி. கம்பெனிக் காடியில வேற என்ன இருக்கும்?"

அது கம்பெனிக் கார் இல்லை என்று அவனுக்குத் தெரியும். அவன் பின்னிருக்கையைப் பார்த்தான். நான் அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ சட்டென்று கேட்டாய். "மாலா கை இப்ப எப்படி இருக்கு?"

"வீங்கியிருக்கு."

"கிளினிக்குக் கூட்டிட்டுப் போனியா?"

பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். குணா குனிந்து முகத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். "அவன் யஹூடிதானேக்கா? நீங்கதான் அவன்கூட பேசுறீங்க. இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் போயிடுறேன்."

எவ்வளவு சுலபமான வழி. இல்லை என்று சொல்ல என் வாய் திறந்தது. உன் இடது கை என் தொடையை அழுத்திப் பிடித்தது. வலித்தது.

"நான் ஆமான்னும் சொல்ல மாட்டேன், இல்லன்னும் சொல்ல மாட்டேன்," என்றாய். "அவன் எதுவா இருந்தாலும் உனக்கு இங்க வேலை இல்ல, குணா. மாலாவ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. எனக்கு வழி விடு."

அவன் மறுபடியும் பின்னிருக்கையைப் பார்த்தான். இந்த முறை வெகுநேரம் பார்த்தான். பிறகு நிமிர்ந்து நின்று, வண்டியை உருட்டி ஓரமாக நிறுத்தினான். மற்றவன் என்னவோ கத்தினான். நீ ஆக்ஸிலரேட்டரை மிதித்தாய்.

வழியில் ரெங்கிட் என்ற சிற்றூரைத் தாண்டினோம். மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியில் ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் விளக்கும் நம்மைத் துரத்துவதுபோலவே தெரிந்தது. தானியேலை எழுந்து உட்காரச் சொன்னாய். தண்ணீர் போத்தலை அவரால் திறக்க முடியவில்லை. நான் வாங்கித் திறந்து கொடுத்தேன். எனக்குத் தாங்கவில்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டுவிட்டேன், நீங்கள் யூதரா என்று. நீ என்னை முறைத்தாய்.

தன் அம்மாவின் அப்பா யூதர், ஆனால் தான் எந்த வழிபாட்டிடத்துக்கும் போவதில்லை, தன்னை என்னவென்று சொல்வது என்று தனக்கே தெரியாது என்றார். அந்தத் தாத்தாவின் குடும்பம் ஓர் ஊரை விட்டு ஓடி வந்ததாம். ஊரில் காய்ச்சல் பரவியபோது, கிணற்றில் இவர்கள்தான் எதையோ போட்டார்கள் என்று சொன்னார்களாம். அரிப்புச் செய்தியை நீ அவருக்கு மொழிபெயர்த்தபோதே அது தான் ஏற்கெனவே கேட்ட கதைபோல இருந்தது என்றார். பிறகு ஒரு சொல்லைச் சொன்னார். ஆன்டிசெமிட்டிசம்.

அப்படியென்றால் என்னவென்று நீ கேட்டாய். மழைக்கு மேல் குரலை உயர்த்தி அவர் விளக்கினார். ஆன்டி என்றால் எதிர்; செமிட்டிக் என்பது ஒரு மொழிக் குடும்பத்தின் பெயராம். எபிரேயம் அதில் ஒன்று, அரபும் ஒன்று. அதனால் சிலர், அரபு பேசுகிறவர்களையும் சேர்த்துத்தானே இந்தச் சொல் என்று வாதாடுவார்களாம். ஆனால் சொல்லைப் பரப்பியவர்களுக்கு மொழியைப் பற்றி அக்கறை இல்லை. யூதர்கள் மேல் இருந்த வெறுப்பை ஏதோ படித்தவர்களின் கொள்கைபோலக் காட்ட அவர்களுக்குக் கனமான ஒரு பெயர் வேண்டியிருந்தது. அன்றும் இன்றும் அதற்குப் பொருள் ஒன்றுதான்: யூதர் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை வெறுப்பது, அஞ்சுவது, பழி சுமத்துவது. ஒரு நாட்டு அரசாங்கம் செய்வதைக் கண்டிப்பதற்கு அந்தப் பெயர் இல்லை, நானும்தான் கண்டிக்கிறேன் என்றார். அந்த அரசாங்கம் செய்ததற்காகத் தெருவில் போகும் யூதன் எவனோ ஒருவன் அடிவாங்க வேண்டும் என்று நினைக்கும்போதுதான் அந்தப் பெயர் வருகிறது.

தமிழில் அதை என்ன சொல்வார்கள் என்று நீ என்னைக் கேட்டாய். யூத எதிர்ப்பு என்று எங்கோ படித்திருந்தேன். சொன்னேன்.

"எதிர்ப்புன்னு சொல்லாத," என்றாய். "சம்பளத்த குறைச்சா எதிர்க்கிறோம். சண்டைய எதிர்க்கிறோம். எதிர்ப்புன்னா அதுல ஒரு நியாயம் இருக்கிற மாதிரி கேக்குது. அந்த ஆள் நம்மள என்ன செஞ்சான், எதிர்க்கிறதுக்கு? இது வெறுப்பு. யூத வெறுப்பு. அதுக்கு அதுதான் பேரு."

எனக்குக் கோபம் வந்தது. பயம் கோபமாக மாறியது. பேரைப் பற்றி இப்போது என்ன பேச்சு, குணா கேட்டபோது இல்லை என்று சொல்லித் தொலைத்திருந்தால் முடிந்திருக்குமே, அந்த இரும்புக் குழாயால் நம்மை அடித்திருந்தால் என் பிள்ளைகளுக்கு யார் என்று கத்தினேன். தானியேலுக்கு நம் தமிழ் புரியாது. ஆனால் தன்னைப் பற்றித்தான் என்று தெரிந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நீ கத்தவில்லை. "துணின்னு பொய் சொன்னேன்ல? பயந்தா பொய் சொல்லலாம். அந்தப் பொய் மட்டும் வேணாம். யூதன் இல்ல, அதனால விட்டுடுன்னு சொன்னா, யூதனா இருந்தா அடிச்சுக்கோன்னு நாமளே சொன்ன மாதிரி." கொஞ்சம் பொறுத்து, காஹாங்கில் உன் தம்பியைக் கடைத்தெருவில் பிடித்து வைத்ததைச் சொன்னாய். கடையில் எதுவோ காணாமல் போயிருந்தது. அவன் எடுத்தானா என்று யாரும் கேட்கவில்லை. தமிழரான நம்மை இழிவாகச் சொல்வார்களே, அந்த ஒரு வார்த்தையைச் சொன்னார்கள், அதுவே போதுமாக இருந்தது.

ஜொகூர் பாருவில் எல்லையில் இருக்கும் குடிநுழைவுச் சோதனைக் கட்டடத்துக்குப் பக்கத்தில் அவரை இறக்கிவிட்டோம். சாயங்காலக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பாலத்தைத் தாண்டியதும் உன் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. வந்துவிட்டேன், நன்றி. அதற்குமேல் அவரிடமிருந்து எதுவும் வரவில்லை.

அரிப்புக்குக் காரணம் கையுறை என்று பிறகு தெரிந்தது. கம்பெனி மலிவாக வாங்கிய புதுக் கையுறையின் உள்ளே தடவியிருந்த மாவு சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பழைய கையுறைக்கு மாறியதும் எல்லோருக்கும் மெல்ல மெல்ல ஆறியது. படத்தை அனுப்பியவர்கள் யாரும் இந்தச் செய்தியை அனுப்பவில்லை.

நமக்கு அது அதோடு முடியவும் இல்லை. ஒரு காலையில் உன் கார் கதவில் கறுப்பு மையால் அந்த மலாய்ச் சொல்லைப் பெரிதாக எழுதியிருந்தார்கள். யஹூடி. தேவாலயத்தில் பாடுகிற, காஹாங் தோட்டத்துத் தமிழச்சி உனக்கு. நீ தின்னர் ஊற்றித் தேய்த்தாய். எழுத்து போனது, சாயமும் கூடவே உரிந்தது. உன் அம்மா வேலையை விடச் சொன்னார். பல வாரங்கள் நாம் இருவரும் சேர்ந்தே வாசலுக்கு நடந்தோம். யாராவது பின்னால் வேகமாக வந்தால் இருவருமே ஒதுங்கி நின்று அவரை முன்னே போகவிட்டோம். கேன்டீனில் நம் மேசை காலியாகவே இருந்தது. ஒரு நாள் மாலா, கட்டுப் போட்ட கையோடு, தட்டைக் கொண்டுவந்து உன் எதிரே உட்கார்ந்தாள். சாப்பிட்டுவிட்டுப் போனாள். மறுநாளும் வந்தாள்.

பிறகு உன் சிறுநீரகம் கெட்டுப்போனது. அது வேறு கதை. மருத்துவமனையில் நீ என்னிடம் பேசியதெல்லாம் உன் அம்மாவைப் பற்றித்தான்.

உன் அடக்கத்துக்கு குணா வந்திருந்தான். தேவாலயத்துக்குள் வராமல் வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றான். நான் வெளியே வந்தபோது பக்கத்தில் வந்தான்.

"அன்னைக்கு துணிக்கு அடியில அவன் சப்பாத்துக் காலு வெளியே தெரிஞ்சிச்சுக்கா. பார்த்தேன்."

ஏன் விட்டாய் என்று கேட்டேன்.

"அவங்க மாலா கை எப்படி இருக்குன்னு கேட்டாங்க. அவ கைக்காகத்தான் நான் அங்க வந்து நின்னேன். ஆனா ரெண்டு நாளா அந்தக் கைய நான் பார்க்கவே இல்ல." இதைச் சொல்லிவிட்டு அவன் மழையில் இறங்கிப் போய்விட்டான். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியதை என்னிடம் சொல்லிவிட்டுப் போனான்.

போன மாதம் என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா வீட்டுக்காரர் கைப்பேசியில் ஏதோ படம் காட்டினார். வேறொரு ஊர், வேறொரு மனிதர், அதே சிவப்பு வட்டம். இவனுங்கள எல்லாம் ஒழிச்சாத்தான் உலகம் உருப்படும் என்றார். இது எதிர்ப்பு இல்லை, வெறுப்பு என்று சொன்னேன். உனக்கென்ன, அவன் உன் சொந்தமா என்று கேட்டார். இல்லை, அதனால்தான் சொல்கிறேன் என்றேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். அக்கா அதற்குப் பிறகு என்னை அழைக்கவில்லை. இப்போதெல்லாம் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் வேகம் குறைந்தால் திரைச்சீலையை விலக்கிப் பார்க்கிறேன். பயம் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை.

அடக்கத்தன்று எல்லோரும் உன்னை எதற்கும் அஞ்சாதவள் என்றார்கள். பாதிரியாரும் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். அவர்களுக்குத் தெரியாதது ஒன்று எனக்குத் தெரியும்.

தானியேலை விட்டுவிட்டுத் திரும்பும் வழியில், பொந்தியானில் கடலோரமாகக் காரை நிறுத்தினாய். கதவைத் திறந்து வாந்தி எடுத்தாய். உன் கூந்தலைப் பிடித்துக்கொண்டேன். என்னால் முடியாது, நீயே ஓட்டு என்று சாவியைக் கொடுத்தாய். அந்தச் சாலையில் நான் ஓட்டியதே இல்லை. நீ பக்கத்து இருக்கையில் சுருண்டு உட்கார்ந்து, சாலையைப் பார்த்தபடியே சொன்னாய்.

"குணாகிட்ட இல்லன்னு சொல்லிடலாம்னு எனக்கும் வாய் வரைக்கும் வந்துச்சு. உன் தொடைய பிடிச்சது உன்ன நிறுத்த இல்ல. என்னையே நிறுத்திக்கத்தான்."